முகம் மாறும், பொன் மாறாது

பதினோராம் தர மாணவன் ஒருவன் என் மேசையிலிருந்த புத்தகத்தைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சேர், இவங்களுக்குக் கீறத் தெரியாதா? கால் நிலத்திலயே படல்லையே" என்று கேட்டான். இத்தாலியின் ரவென்னா நகரில், 547இல் அர்ப்பணிக்கப்பட்ட சான் விட்டாலே தேவாலயத்தின் மொசைக் படம் அது. பைசாந்தியச் சக்கரவர்த்தி ஜஸ்டீனியன் நடுவில் நிற்கிறார். பையன் பிழையாகப் பார்க்கவில்லை. எல்லாரும் நேராக எம்மையே பார்க்கிறார்கள். உடல்களுக்குக் கனமில்லை. பாதங்கள் ஒன்றையொன்று மிதிப்பதுபோல் தொங்குகின்றன.

ஆனால் இது தெரியாமல் செய்த வேலையல்ல. கிரேக்க, உரோமச் சிற்பிகள் மனித உடலைத் தத்ரூபமாக வடித்தவர்கள். பைசாந்தியம் அவர்களுடைய வாரிசு. தெரிந்ததை வேண்டுமென்றே விட்டிருக்கிறார்கள். நிழல் விழுந்தால் நேரம் தெரிந்துவிடும். தூரத்தில் மலையும் மரமும் வந்தால் இடம் தெரிந்துவிடும். இந்த அரசரோ நேரத்துக்கும் இடத்துக்கும் அப்பால் நிற்க வேண்டியவர். அதனால்தான் பின்னணி பொன். மெல்லிய தங்கத் தகட்டைக் கண்ணாடிக்குள் வைத்துச் செய்த சிறு சதுரங்கள், விளக்கொளியில் சுவரையே அசைய வைக்கும்.

ரவென்னாவை ஜஸ்டீனியனின் படை 540இல் கைப்பற்றியது. அவர் அங்கு வந்ததாகச் சான்றில்லை. வராத அரசர், தலையைச் சுற்றி ஒளிவட்டத்தோடு, கையில் பொற்தட்டு ஏந்திச் சுவரில் நிற்கிறார். மேலே குவிந்த விதானத்தில் இயேசுவுக்கும் (ஈஸா அலை) அதே ஊதா நிற ஆடை. 'எனக்குக் கீழ்ப்படிவது இறைவனுக்குக் கீழ்ப்படிவது' என்பதைச் சொல்ல வேறு பிரசங்கம் தேவையா?

கொன்ஸ்தாந்திநோபிளின் ஆயா சோபியாவில் இதைவிடத் தெளிவான சாட்சி உண்டு. இயேசுவின் ஒரு பக்கம் மகாராணி ஸோயி, மறுபக்கம் அவருடைய மூன்றாவது கணவர் ஒன்பதாம் கொன்ஸ்தாந்தீன். முதலில் இருந்தது முந்திய கணவரின் முகம் என்பது அறிஞர்களின் பொதுவான கருத்து. கணவர் மாறியதும் தலையை மட்டும் பெயர்த்தெடுத்துப் புதிய தலை பதித்தார்கள், பெயரையும் திருத்தினார்கள். உடலும் உடையும் அப்படியே! அங்கே வரையப்பட்டது மனிதரல்ல, பதவி.

இதுவரை வாசித்த நம்மவர் சிலர், 'அதனால்தானே நாம் உருவங்களைத் தவிர்த்தோம்' என்று ஆறுதலடையலாம். அதில் உண்மை இருக்கிறது. ஹிஜ்ரி 72இல் (691–692) கலீபா அப்துல் மலிக் ஜெரூசலத்தில் எழுப்பிய குப்பத்துஸ் ஸக்ராவின் உள்ளே அதே மொசைக், அதே பொன். ஆனால் ஒரு மனிதர்கூட இல்லை. கொடிகள், மரங்கள், ஆபரணங்கள், அவற்றுக்கு மேலே ஏறக்குறைய 240 மீற்றர் நீளத்துக்கு அறபு எழுத்து. அந்நிய மொழியொன்றின் சொற்களை எடுத்துத் தன் இலக்கணத்தில் எழுதிய சாதனை இது. நம் கலை வரலாற்றின் பெருமைகளுள் ஒன்றென நான் இதைத் தயங்காமல் சொல்வேன்.

ஆனால் அந்த எழுத்தை இறுதிவரை வாசிக்க வேண்டும். கட்டியவர் பெயர் வரும் இடத்தில் இன்று இருப்பது அப்பாஸிய கலீபா மஃமூனின் பெயர். அவர் ஆண்டது 813 முதல் 833 வரை. அப்துல் மலிக்கின் பெயரை எடுத்துவிட்டுத் தன் பெயரை வைத்தவர்கள் ஆண்டை மாற்றவில்லை. 72 அப்படியே கிடக்கிறது. ஸோயியின் சுவரில் நடந்தது தலை மாற்றம். இங்கே நடந்தது பெயர் மாற்றம்.

உருவத்தை நீக்கினோம், சரி. அதிகாரத்தின் பெருமிதமும் அதோடு போய்விட்டது என்று எண்ணினால் நாம் ஏமாறுவோம். அது முகத்திலிருந்து எழுத்துக்கு இடம் மாறியது. பைசாந்தியக் கலையை 'சிலை வணக்கம்' என்ற ஒற்றைச் சொல்லால் மூடிவிடும் நம் மேடைப் பேச்சுகளுக்கு இந்த நுட்பம் பிடிபடுவதில்லை. ஒரு கலை எப்படி இருக்கிறது என்பதோடு, அது யாருக்காக அப்படி இருக்கிறது என்றும் கேட்க வேண்டும். அடுத்தவர் சுவரிடம் கேட்கும் அந்தக் கேள்வியை நம் சுவரிடமும் கேட்பதுதான் நேர்மை.

அடுத்த நாள் மாணவனிடம் சொன்னேன்: "கீறத் தெரியும் மகன். எதைக் கீறக் கூடாது என்றும் தெரியும்."