புற்றுநோய் மார்க்கர்: ஒரு நோட்டீஸுக்கு விமர்சனம்

காலைப் பேப்பருக்குள் செருகி வரும் நோட்டீஸ்களை நான் தூக்கிப் போடுவதில்லை. மயிலாப்பூரில் என்ன விற்கிறது, எதற்கு ஜனங்கள் பயப்படுகிறார்கள் என்று தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை. போன மாதம் பாத்திரக்கடை தள்ளுபடிக்கும் அபாகஸ் வகுப்புக்கும் நடுவில் ஒரு பளபளப்பான தாள். "உங்களுக்குப் புற்றுநோய் வரும் வாய்ப்பு உண்டா? ஒரே ரத்தப் பரிசோதனையில் அறியுங்கள்." பெண்களுக்கான பேக்கேஜில் மூன்று பெயர்கள்: சிஏ-125, சிஏ 15-3, சிஇஏ. எந்த லேப் என்பது முக்கியமில்லை, இதே வாசகத்தோடு பல இருக்கு.

சிரித்துவிட்டு மடித்து வைத்திருப்பேன். ஆனால் மந்தைவெளியில் இருக்கும் என் பெரியம்மா அந்தப் பேக்கேஜை எடுத்தே விட்டார். மூன்றும் நார்மல். "எனக்கு ஒண்ணும் வராதுடா, ரிப்போர்ட்லயே போட்டிருக்கான்" என்று போனில் ஒரே சந்தோஷம். அதோடு, டாக்டர் எழுதிக் கொடுத்திருந்த மேமோகிராமையும் வேண்டாம் என்று தள்ளிவிட்டார். அவருடைய தங்கைக்கு, அதாவது என் அம்மாவுக்கு, 43 வயதில் மார்பகப் புற்றுநோய் வந்தது. அவர்களுடைய அம்மா, என் பாட்டி, "வயித்துல நீர் கோத்து" இறந்தார். அது என்ன நோய் என்று யாரும் பெயர் சொன்னதில்லை. இதில் எதையும் அந்த லேப் கேட்கவில்லை. காலையில் சாப்பிட்டீர்களா, சுகர் இருக்கா, பணம் ஜிபேயா கார்டா, அவ்வளவுதான் கேள்வி.

ஆகவே இந்த நோட்டீஸை ஒரு புத்தகம் மாதிரி எடுத்து விமர்சிக்கலாம் என்று தோன்றியது.

முதல் பிழை தலைப்பிலேயே இருக்கிறது. "வருமா?" என்று கேட்டுவிட்டு, "வந்திருப்பவருக்கு எப்படி இருக்கு?" என்பதற்கான பரிசோதனையை விற்கிறார்கள். சிஏ-125 முக்கியமாகப் பயன்படுவது, ஏற்கெனவே சினைப்பைப் புற்றுநோய் இருப்பவருக்கு மருந்து வேலை செய்கிறதா, நோய் திரும்புகிறதா என்று பார்க்க. மாதவிலக்கு, கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ், கர்ப்பப்பைக் கட்டி, நம்மூரில் சாதாரணமாகக் காணும் வயிற்றுக் காசநோய், இவை எல்லாவற்றிலும் அது ஏறும். சிகரெட் பிடிப்பவருக்கு சிஇஏ ஏறும். மறுபக்கம், சினைப்பைப் புற்றுநோயின் ஆரம்பக் கட்டத்தில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு சிஏ-125 நார்மலாகவே இருக்கும். பிரிட்டனில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பிரிவுக்கு வருடா வருடம் சிஏ-125 பார்த்தார்கள். 2021ல் முடிவு வந்தது: சினைப்பைப் புற்றுநோய் மரணம் குறையவில்லை. இவ்வளவு பெரிய சோதனை கைவிரித்த ஒன்று இங்கே காம்போ ஆஃபரில் கிடைக்கிறது.

நிஜமாகவே "வருமா?" என்ற கேள்விக்குப் பதில் சொல்லும் மார்க்கர்கள் வேறு. 1990ல் மேரி-கிளேர் கிங், குடும்பம் குடும்பமாக வரும் மார்பகப் புற்றுநோயை 17ஆம் குரோமோசோமில் ஓர் இடத்தோடு இணைத்துக் காட்டினார். 1994ல் அந்த மரபணு, பிஆர்சிஏ1, பிடிபட்டது. அதில் கேடான பிறழ்வோடு பிறக்கும் 100 பெண்களில் சுமார் 72 பேருக்கு 80 வயதுக்குள் மார்பகப் புற்றுநோயும், 44 பேருக்கு சினைப்பைப் புற்றுநோயும் வரலாம் என்று 2017ல் வந்த ஒரு பெரிய ஆய்வு கணக்கிட்டது. அதில் இருந்தவர்கள் பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளியினர் என்பதையும் சேர்த்தே படிக்கணும். இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன்: மார்பகப் புற்றுநோய்களில் இப்படிப் பரம்பரையாக வருபவை 100க்கு 5 முதல் 10தான்.

இந்த மரபணுச் சோதனையைக்கூட நோட்டீஸ் பாணியில் விற்க முடியும், விற்கிறார்கள். 2018ல் அமெரிக்காவில் வீட்டிலிருந்தே எச்சில் அனுப்பும் 23அண்ட்மீ நிறுவனத்துக்கு பிஆர்சிஏ சோதனைக்கு அனுமதி கிடைத்தது. வெறும் மூன்று பிறழ்வுகளுக்கு. மூன்றும் அஷ்கெனாசி யூதர்களிடம் அதிகம் காணப்படுபவை. அறியப்பட்ட பிறழ்வுகளோ ஆயிரத்துக்கும் மேல். தி.நகர்க்காரர் ஒருவர் அதில் "இல்லை" என்று வந்ததும் நிம்மதியாகத் தூங்கினால், அது என் பெரியம்மாவின் தூக்கம்தான்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அந்த மூன்றில் ஒன்றான 185டெல்ஏஜி தென்னிந்தியாவிலும் கிடைக்கிறது. 2009ல் பெங்களூர் ஆய்வாளர்கள் தாங்கள் பார்த்த தென்னிந்தியப் பெண்களிடம் அது அடிக்கடி வருவதாக எழுதினார்கள். எப்படி இங்கே வந்தது என்பது தனிக் கதை, இன்னொரு நாள் எழுதுகிறேன். நம் குடும்பங்களில் தேடினால்தான் நம் பிறழ்வுகள் தெரியும். அடையாறு புற்றுநோய் நிறுவனம் 2003லேயே தென்னிந்தியக் குடும்பங்களில் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 தேடிய ஆய்வை வெளியிட்டது. பரம்பரைப் புற்றுநோய்க்கென்றே அங்கே தனி கிளினிக் உண்டு. தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி 1954ல் தொடங்கிய இடத்தில் இது நடப்பது பொருத்தம்தான். பக்கத்திலேயே ஐஐடி, 2025ல் 480 மார்பகப் புற்றுநோயாளிகளின் மரபணுத் தரவை வெளியிட்டது. நல்ல ஆரம்பம், ஆனால் இந்தியாவுக்கு 480 என்பது கொசுறு. தரவு குறைவாக இருப்பதால் நம்மவர்களின் ரிப்போர்ட்டில் "பொருள் நிச்சயமில்லாத மாற்றம்" என்ற வரி அதிகம் வரும். ஆபத்தா இல்லையா என்று லேப்புக்கே தெரியாது. அதை வைத்துக்கொண்டு யாரும் ஆபரேஷனுக்கு ஓடக்கூடாது.

அதனால்தான் கிளினிக்கில் ஊசியை எடுப்பதற்கு முன் பேப்பரும் பேனாவும் எடுக்கிறார்கள். யாருக்கு, எந்த வயதில், எந்த உறுப்பில்? அப்பா வழியிலும் கேட்பார்கள், ஏனென்றால் பிறழ்வு ஆண்கள் மூலமாகவும் சத்தமில்லாமல் இறங்கும். முடிந்தவரை முதல் ரத்தம் நோய் வந்தவரிடமிருந்து. அவரிடம் ஒரு பிறழ்வு கிடைத்தால், மற்றவர்களிடம் அந்த ஒன்றை மட்டும் தேடினால் போதும், இருக்கு அல்லது இல்லை என்று தெளிவான பதில் வரும். நோயே வராதவரிடம் ஆரம்பித்து "இல்லை" என்று வந்தால் அதற்குப் பெரிய அர்த்தம் கிடையாது.

நோட்டீஸில் இல்லாத இன்னொன்று எச்பிவி. கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வரும் ஆபத்து யாருக்கு அதிகம் என்று காட்டும் வைரஸ் சோதனை அது. மகாராஷ்டிரத்தில் உஸ்மானாபாத் மாவட்டத்தில் ஒரே ஒரு முறை அதைச் செய்ததிலேயே அந்தப் புற்றுநோயால் வரும் மரணம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது என்று 2009ல் காட்டினார்கள். பேக்கேஜ் போடுபவர்களுக்கு ஏன் அது தோன்றவில்லை?

ஞாயிற்றுக்கிழமை பெரியம்மா வீட்டுக்குப் போனேன். அதே நோட்டீஸின் பின்பக்கத்தில் வம்ச வரைபடம் போட்டோம். தாத்தாவின் அக்கா ஒருவர் மார்பில் கட்டி வந்து 38 வயதில் போனது அப்போதுதான் வெளியே வந்தது. பெரியம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. மேமோகிராமுக்குப் போகிறேன் என்றார். பிறகு, முதலில் அம்மாவைத்தான் சோதிக்கணும் என்று நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"இருபது வருஷமா அந்த வார்த்தையையே நம்ம வீட்ல யாரும் சொல்லலை. உங்கம்மாகிட்ட யாருடா போய்ச் சொல்றது?"

அடுத்த வாரம் நான்தான் போகணும்.