பாதுகாப்பது யாருக்காக?

பயிர்களின் உயிர்த்திசுவைக் கடுங்குளிரில் உறைய வைத்து, தலைமுறை தலைமுறையாகக் காக்கும் விஞ்ஞானம் இன்று வளர்ந்திருக்கிறது. அதைப் பாராட்டுகிறோம். ஆனால் பாராட்டோடு விமர்சனம் நின்றுவிடலாகாது. காக்கப்படுவது எது, யாருக்காக என்ற கேள்வியையும் நாம் எழுப்பியாக வேண்டும். பதுளையை அடுத்த ஸ்பிரிங்வெளித் தேயிலை மலையில் நின்று பார்த்தால் இக்கேள்வியின் முழுப் பொருளும் விளங்கும்.

இம்மலைகளில் தேயிலைக்கு முன்பு இருந்தது கோப்பி. 1869-இல் இதே ஊவாவின் மடூல்சீமையில் இலைத்துரு நோய் கண்டது. பெரிய வேற்றுமை இல்லாத ஒரே சாதிச் செடி மலைக்கு மலை நெருக்கமாய் நின்றமையால், ஒன்றைப் பற்றிய நோய் எல்லாவற்றையும் பற்றிற்று. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தொழில் சரிந்தது. முதலாளிகள் தேயிலைக்கு மாறினர். கூலி மக்களோ பட்டினியை ஏற்றனர். பயிரின் பன்மை குறைந்தால் அதன் விலையை முதலில் கொடுப்பவர் உழைப்பாளரே என்பதற்கு வரலாறு தந்த சான்று இது.

தேயிலையில் அயல்மகரந்தச் சேர்க்கையே நடப்பதால், விதையிலிருந்து எழும் செடி ஒவ்வொன்றும் தனித் தன்மை உடையது. ஊவாவின் பழைய மலைகளில் நிற்கும் விதைத் தேயிலை இத்தகையது. தாய்ச்செடி ஒன்றிலிருந்து ஓர் இலையோடு கூடிய கணுவை வெட்டிப் பதியமிட்டு உண்டாக்கும் வி.பி. தேயிலையோ, மலை முழுவதும் ஒரே செடியின் நகல். அது கூடுதல் விளைச்சல் தருகிறது. அதை மறுப்பது அறிவீனம். ஆயினும் பழைய செடி பிடுங்கப்படும்போது, 1946-இல் இலங்கைக்கு வந்த கொப்புள நோயைப் போன்ற இன்னொரு நோயைத் தாங்கவல்ல குணமும் அதனோடு போய்விடக்கூடும்.

நெல்லைப் போல் தேயிலை விதையை உலர்த்திக் களஞ்சியத்தில் வைக்க முடியாது. ஈரம் வற்றினால் அது இறந்துவிடும். ஈரத்தோடு உறைந்தால் பனிப்படிகங்கள் உயிரணுவைக் கிழித்துவிடும். ஆகவே விதையின் கருவச்சை, அல்லது தளிர்நுனியை, பிரித்தெடுத்து, வேண்டிய அளவு நீரை அகற்றித் திரவ நைட்ரஜனில் அமிழ்த்துகின்றனர். வெப்பநிலை பூஜ்யத்துக்குக் கீழே 196 பாகை. எஞ்சிய நீர் படிகமாகாமல் கண்ணாடிபோல் இறுகி நிற்க, உயிர் உறங்குகிறது. ஜப்பானிய விஞ்ஞானி அகிரா சகாய், மரக்கிளைகள் இக்குளிரைத் தாங்கிப் பிழைப்பதை 1960-இல் காட்டினார். அத்துறையின் ஆரம்பச் சாதனைகளில் அது ஒன்று.

உறங்குவது எழ வேண்டும். எழுப்பிச் சோதனைக்கூடத்தில் வளர்த்து, மறுபடி மண்ணில் நாட்டினால்தான் காப்பு நிறைவு பெறும். லெனின்கிராட் முற்றுகையில், 1941 முதல் 1944 வரை, வவிலோவ் நிறுவனத்தின் விஞ்ஞானிகள் சிலர் தாம் காத்த தானியத்தைத் தொடாமலே பசியால் மாண்டனர். அவர்களை வழிநடத்திய வவிலோவோ, தம் நாட்டரசின் சிறையில் 1943-இல் உயிர் நீத்தார். இந்த உண்மையை நாம் மறைக்க வேண்டியதில்லை. அவ்விதைகள் களஞ்சியத்துக்காகக் காக்கப்படவில்லை; நாளை விதைப்பதற்காகக் காக்கப்பட்டன. அதனால்தான் அத்தியாகம் பொருளுடையதாகிறது.

நம் இலக்கியத்துக்கும் இதில் பாடமுண்டு. சி. வி. வேலுப்பிள்ளை மலையக மக்களின் பாடல்களைத் திரட்டினார். அது பெருந்தொண்டு. ஆனால் பாடிய வாய் லயத்து அறையில் ஒடுங்கிக் கிடக்க, பாட்டை மட்டும் நூலகத்தில் அடுக்கி வைத்து மனநிறைவு கொள்ளும் விமர்சகனை என்னென்பது? அவன் செய்வதும் ஒரு வகை உறைவிப்பே. எழுப்பும் கடமை மட்டும் அவனுக்கு மறந்துவிடுகிறது.

செடியின் வம்சத்தை ஆராய்ந்து பேணும் நாடு, அதை நட்டவரின் வம்சத்தை எங்ஙனம் நடத்தியது? 1948-இன் சட்டம் அவர்களில் மிகப் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964-இன் ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் எனப் பங்கிட்டது. 1,50,000 பேரின் நிலையைப் பின்னொரு நாளுக்குத் தள்ளியது. எஞ்சியோர்க்கு வழி செய்த சட்டம் 2003-இல் வந்தபோது அரை நூற்றாண்டு கடந்திருந்தது. மனிதரையும் எண்ணிக்கையாகப் பிரித்துப் பெட்டியில் வைத்த வரலாறு இது.

ஆதலால், உறைவித்துக் காக்கும் விஞ்ஞானம் வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அது வேண்டும். அதன் திறவுகோல் முதலாளியின் சட்டைப்பையில் இருக்கலாகாது என்கிறோம். எந்தச் செடி வறட்சியில் வாடாது நிற்கிறது, எந்தச் செடி மழைக்குப் பின் முதலில் துளிர்க்கிறது என்பதை நாள்தோறும் கொழுந்தெடுக்கும் பெண்ணின் கை அறியும். அந்த அறிவும் ஆய்வேட்டில் ஏறவேண்டும். அவளுக்குச் சொந்தமாகச் சிறிதளவு நிலமும் வேண்டும். நிலமற்றவரின் அறிவு அவரோடு மடியும். எந்த நைட்ரஜனும் அதைக் காக்காது.