வித்தில் பாதி, மண்ணில் பாதியா?

விருத்தாசலம் என்றதும் பீங்கான்தான் நினைவுக்கு வரும். ஆனால் இந்தக் கட்டுரைக்கு வேண்டிய சாட்சி இதே ஊரின் வேளாண் ஆராய்ச்சி நிலையத்தில் இருக்கிறது. அங்கே உருவான வி.ஆர்.ஐ. 3 முந்திரியின் ஒட்டுக் கன்றுகளில் ஒட்டிய குச்சிகளுக்கெல்லாம் மரபு ஒன்றே. ஒரு தோப்பில் காய்ப்பு கூடி, அடுத்த தோப்பில் குறைந்தால் மண்ணையும் தண்ணீரையும் பராமரிப்பையும்தான் விசாரிக்க வேண்டும். ரகத்தைக் குறை சொல்ல முடியாது.

மனிதரில் இதற்கு நிகர் ஒருகரு இரட்டையர். 1875இல் கால்ட்டன் தொடங்கிய இரட்டையர் ஒப்பீட்டு வழியில் வந்த 2,748 ஆய்வுக் கட்டுரைகளை 2015இல் ஒரு குழு தொகுத்தது. மனிதப் பண்புகளில் மரபின் பங்கு சராசரி 49 சதவீதம் என்றது. பாதிக்குப் பாதி என்று இதைச் சுருக்குபவர்கள் அவசரக்காரர்கள். ஒரு பிள்ளைக்குள் பிரித்த பங்கல்ல அது. பிள்ளைகளுக்கு இடையே காணும் வேறுபாட்டின் பங்கு. சூழல் மாறினால் எண்ணும் மாறும். அமெரிக்காவில் டர்க்ஹைமர் குழு 2003இல் 7 வயது இரட்டையரைப் பார்த்தபோது, ஏழை வீடுகளில் நுண்ணறிவு வேறுபாட்டில் மரபின் பங்கு ஏறக்குறைய பூஜ்யம். வசதியான வீடுகளில் நேர்மாறு. மேற்கு ஐரோப்பாவிலும் ஆஸ்திரேலியாவிலும் இந்த ஏற்றத்தாழ்வு தென்படவில்லை என்றது 2016இல் வந்த ஒரு தொகுப்பாய்வு.

பொருளியலார் வழி வேறு. ஜான் ரோமர் 1998இல், கைமீறிய சூழ்நிலை ஒருபுறம், சொந்த முயற்சி மறுபுறம் என்று பிரித்தார். மரபணுவும் யாரும் கேட்டு வாங்கியதல்ல. அதையும் சூழ்நிலைக் கணக்கில் எழுதுவதே நியாயம். முயற்சியே வீட்டைப் பொறுத்ததுதானே என்ற கேள்வி மட்டும் இன்னும் தீரவில்லை.

மரபணுத் தொகுதியை அலசும் புதியவர்கள் 2022இல் 30 லட்சம் பேரின் கல்வியைக் கணக்கிட்டார்கள். எல்லோரும் ஐரோப்பிய வம்சாவளியினர். மரபணுவை வைத்து அவர்கள் போடும் மதிப்பெண்ணை நம் பிள்ளைகள் மேல் வைத்துப் பார்ப்பது வீண் வேலை.

நமக்கு நெருக்கமான ஆய்வுகள் வேறு. ஹாஃப், பாண்டே என்ற ஆய்வாளர்கள் இருவரும் உத்தரப் பிரதேசக் கிராமச் சிறுவர்களுக்குப் புதிர்ப்பாதைத் தாள் கொடுத்தார்கள். சாதியைச் சொல்லாதவரை எல்லோரும் சமமாகத் தீர்த்தார்கள்; அறையில் சாதியை உரக்க வாசித்ததும் ஒடுக்கப்பட்ட சாதிச் சிறுவர்கள் பின்தங்கினார்கள். தமிழகக் கிராமங்களில் சுமார் 19,000 குழந்தைகளைத் தொடர்ந்த ஆய்வு, கொரோனா அடைப்பில் இழந்த படிப்பில் மூன்றில் இரண்டு பங்கு பள்ளி திறந்த ஆறே மாதத்தில் மீண்டது என்கிறது. மீட்சியில் 24 சதவீதம் ‘இல்லம் தேடிக் கல்வி’ மாலை வகுப்பால் வந்தது. அந்த வகுப்புக்கு அதிகம் போனவர்கள் வசதி குறைந்த வீட்டுப் பிள்ளைகள்.