மின்னல் விழுந்த தையல்காரன்

திருப்பூர் காதர்பேட்டைக் கடைகளில் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ் டி-ஷர்ட்டுகளைப் புரட்டும்போது ஏதாவதொரு வெளிநாட்டு சூப்பர் ஹீரோ நெஞ்சில் அச்சாகி முறைப்பார். பனியன் ஊருக்குப் பொருத்தமானவன் அவரல்ல, ஜெய்சன். 2021-ல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான, பேசில் ஜோசப் இயக்கிய ‘மின்னல் முரளி’யின் நாயகன், தொழில் தையல், கனவு அமெரிக்கா. டோவினோ தாமஸ் நடித்த இந்த ஆளுக்கு மின்னல் தாக்கிச் சக்தி வந்ததும் உலகைக் காக்கும் எண்ணமெல்லாம் வரவில்லை. காமிக்ஸ் படிக்கும் வீட்டுச் சிறுவன்தான் அவனுக்குக் குரு. இருவரும் என்னென்ன சக்தி வந்திருக்கிறது என்று சோதித்துப் பார்க்கும் காட்சிகளில் விஞ்ஞானம் கொஞ்சம், விளையாட்டு நிறைய. (லாஜிக் கேட்பவர்கள் வேறு படம் பார்க்கலாம்.)

அதே இரவில் மின்னல் தாக்கிய இன்னொருவன் ஷிபு. டீக்கடையில் வேலை, ஊரார் கேலி, பல வருடமாக மனசுக்குள் பூட்டிவைத்த காதல். சோளக்கொல்லைப் பொம்மையின் வேஷத்தில் அவன் வரும்போது பயமும் வருகிறது, பாவமாகவும் இருக்கிறது. நடித்தவர் நம்ம குரு சோமசுந்தரம், ‘ஆரண்ய காண்டம்’, ‘ஜோக்கர்’ படங்களில் பார்த்தவர்தான். காதலிக்காக அவர் உடைந்து அழுது சிரிக்கும் இடத்தில் படமே அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறது. டோவினோ ரசிகர்கள் கோபித்துக்கொள்ளட்டும், என் ஓட்டு ஷிபுவுக்குத்தான்.