அழியாத கோலங்கள் (திரைப்படம்)

அழியாத கோலங்கள் (1979) பாலு மகேந்திரா தமிழில் இயக்கிய முதல் திரைப்படம். 'சம்மர் ஆஃப் 42' (1971) என்ற அமெரிக்கப் படத்தின் தாக்கம் கொண்டது. கிராமத்து விடலைப் பையன்கள் மூவர், ஊருக்குப் புதிதாக வந்த ஆசிரியை இந்துமதியின் (ஷோபா) மேல் மயங்குகிறார்கள். ஒருத்தியையே விரும்பியும் மூவருக்குள் பகை மூள்வதில்லை. ஏக்கத்தையும் மாங்காய் போலப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். அந்த வயதுக்கு இதுவே இயல்பு.

இந்துமதிக்குத் தன் காதலனோடு (பிரதாப் போத்தன்) பாட்டு உண்டு. ஆனால் இப்பையன்களின் பார்வையை அவள் எப்படி எடுத்துக்கொண்டாள் என்று படம் பெரிதாகக் கேட்பதில்லை. 'டோரடோரா!' (2008-09) என்ற ஜப்பானிய அனிமே தொடரில் மினோரி தன் காதலைத் தானே சொல்லிவிட்டுத் தோழிக்காக விலகுகிறாள். இங்கோ நண்பன் ஒருவன் நீரில் மூழ்கி இறக்க, மற்ற இருவரின் பிள்ளைப்பருவம் முடிகிறது. ஆசிரியை மீதான ஏக்கம் எப்படித் தெளிந்தது என்பது காட்டப்படாமலே நின்றுவிடுகிறது.