படத்தோடு நின்றுவிட்ட வாசகர்கள்

ஸாப்ட்வேர் எழுதும் தொழிலில் அதிகமாகப் பேசப்படுகிற, குறைவாகப் படிக்கப்படுகிற எழுத்துகள் இரண்டு உண்டு. ஒன்று, 1970-ல் வின்ஸ்டன் ராய்ஸ் என்ற அமெரிக்கர் எழுதிய கட்டுரை. மற்றொன்று, 2001 பிப்ரவரியில் யூட்டா மாநிலத்தில் ஸ்னோபேர்ட் என்ற பனிமலை விடுதியில் 17 பேர் கூடி உருவாக்கிய அஜைல் பிரகடனம். முதலாவதை வில்லனென்றும் இரண்டாவதைக் கதாநாயகனென்றும் சொல்லிக்கொடுப்பது வழக்கம். நானும் அப்படித்தான் கற்றுக்கொண்டேன். புரோகிராம் எழுதிப் பிழைக்கத் தொடங்கிப் பல வருஷங்களுக்குப் பிறகுதான் இரண்டையும் ஒழுங்காகப் படித்தேன். இரண்டுக்கும் வாசகர்களால் நேர்ந்த கதி ஒன்றுதான் என்று எனக்குப் பட்டது.

ராய்ஸ் விண்கலங்களுக்கான ஸாப்ட்வேரில் அனுபவப்பட்டவர். கட்டுரையின் ஆரம்பத்தில் ஒரு படம் போட்டிருக்கிறார். தேவையைக் கேட்டறிவது, ஆராய்வது, வடிவமைப்பது, எழுதுவது, சோதிப்பது என்று வேலை படிப்படியாகக் கீழிறங்குகிறது. பிற்பாடு இதற்கு நீர்வீழ்ச்சி முறை என்று பெயர் வந்தது. அந்தச் சொல் அவர் கட்டுரையில் இல்லவே இல்லை. படம் போட்ட கையோடு, இதை இப்படியே நடத்தினால் ஆபத்து, தோல்வியை நாமே வரவேற்கிறோம் என்கிறார். காரணமும் சொல்கிறார்: சோதனை கடைசியில்தான் வருகிறது, அதுவரை எல்லாம் அனுமானம், பிழை தெரியும்போது வடிவமைப்பையே மாற்ற வேண்டியிருக்கும். ஆகவே ஒரு தரம் முன்னோட்டமாகச் செய்து பார்த்துவிட்டு இரண்டாம் தரம் செய்யுங்கள், வாடிக்கையாளரை இடையிடையே அழைத்துக் காட்டுங்கள் என்கிறார். 1985-ல் அமெரிக்க ராணுவ இலாகா ஒரு தரவிதி வெளியிட்டபோது அதில் படிவரிசை இருந்தது. எச்சரிக்கையின் உயிர் இல்லை.

இதற்காக ராய்ஸைப் புது யுகத்தின் முன்னோடியாக்கிக் கும்பிடவும் வேண்டாம். 50 லட்சம் டாலர் பெறுமான இயந்திரத்துக்கு 30 பக்க விவரக் குறிப்பு போதும், அதே விலை ஸாப்ட்வேருக்கு 1,500 பக்கம் வேண்டும் என்று கணக்குச் சொன்னவர் அவர். கண்ணால் காண முடியாத ஒரு பொருளைக் காகிதத்திலாவது காண வேண்டுமென்ற தவிப்பு அது. எனக்கு அந்தத் தவிப்பு புரிகிறது.

பிரகடனம் ஒரு தபால் கார்டில் அடங்கிவிடும். நான்கு ஒப்பீடுகள். முறைகளையும் கருவிகளையும்விட மனிதர்களும் அவர்கள் பேசிப் பழகுவதும். கட்டுக்கட்டான ஆவணங்களைவிட ஓடுகிற ஸாப்ட்வேர். ஒப்பந்தப் பேரத்தைவிட வாடிக்கையாளரோடு கூடி உழைப்பது. திட்டத்தைப் பிடித்துத் தொங்குவதைவிட மாறுதலுக்கு இசைவது. கடைசி வாக்கியம்தான் முக்கியம். பின்னுக்குத் தள்ளியவற்றுக்கும் மதிப்பு உண்டு, முன்வைத்தவற்றுக்கு அதிக மதிப்பு, அவ்வளவுதான் என்று அடக்கமாகச் சொல்கிறது அது. முதல் வாக்கியத்தின் வினையைக் கவனிக்க வேண்டும். நல்ல வழியைக் கண்டுவிட்டோம் என்று அது சொல்லவில்லை. செய்துகொண்டே கண்டு வருகிறோம் என்கிறது. வாசகர்கள் என்ன செய்தார்கள்? 'விட' என்பதை எடுத்துவிட்டு 'வேண்டாம்' என்பதைப் போட்டுக்கொண்டார்கள். ஆவணம் எழுதச் சோம்பியவனுக்கெல்லாம் அது ஆதாரமாயிற்று. 'கண்டு வருகிறோம்' என்பது சான்றிதழ் வகுப்புகளில் 'கண்டாகிவிட்டது' என்றாயிற்று.

கையெழுத்திட்டவர்களில் ஒருவரான டேவ் தாமஸ் 2014-ல் இலக்கணக்காரரைப் போல ஒரு குறை சொன்னார்: அஜைல் என்பது பெயரடை, அதைப் பெயர்ச்சொல் ஆக்கிவிட்டார்கள். பெயர்ச்சொல் ஆனால்தானே விற்க முடியும்! இன்னொருவர் ரான் ஜெஃப்ரீஸ். ஒரு வேலை எவ்வளவு பெரிது என்று உத்தேசமாகச் சொல்ல உதவும் ஸ்டோரி பாயிண்ட் என்ற எண்ணைத் தாமே கண்டுபிடித்திருக்கலாம், அப்படியானால் அதற்காக வருந்துவதாகப் பின்னாளில் எழுதினார். உத்தேசத்துக்காக வந்த எண், ஆளை அளக்கும் முழக்கோலாகிவிட்டது அவருக்குத் தெரிந்திருக்கிறது.

நானும் அந்த முழக்கோலைப் பிடித்தவன்தான். சென்னையில் ஒரு கம்பெனியில் பத்துப் பேர் கொண்ட குழுவுக்கு நான் பொறுப்பு. தினமும் நின்றபடியே கால் மணிக் கூட்டம். நேற்று என்ன செய்தாய், இன்று என்ன செய்வாய், தடை ஏதாவது உண்டா என்று மூன்று கேள்விகள். புதிதாகச் சேர்ந்த பையன் ஒருவன், வட்டிக் கணக்கு எழுதுகிறவன், ஒன்பது நாளும் "முடியப்போறது" என்றான். நான் ஒன்பது நாளும் குறித்துக்கொண்டேன். ஒப்படைக்க வேண்டிய இரவில் கணக்கு அடியோடு தப்பு என்று தெரிந்தது. விடிய விடிய உட்கார்ந்து நானே திருத்தினேன். தேநீர் குடிக்கப் போனபோது கேட்டேன். "மொத நாளே புரியலண்ணா. அத்தனை பேர் நிக்கறப்போ எப்படிச் சொல்றது?" என்றான்.

பிரகடனத்தின் குறை என்று நான் சொல்லக்கூடியது இந்த இடத்தில்தான் இருக்கிறது. அதை எழுதியவர்களில் பலர் ஆலோசகர்கள். பிடிக்காவிட்டால் வேறு வாடிக்கையாளரைத் தேடிக்கொள்ளக் கூடியவர்கள். எனக்குப் புரியவில்லை என்று சொல்வதால் அவர்களுக்கு நஷ்டம் அதிகமில்லை. அதனால்தான் மனிதர்கள் மனம்விட்டுப் பேசுவார்கள் என்பதைக் கேள்வியில்லாமல் எடுத்துக்கொண்டார்கள். யாருக்கு யார் சம்பளம் கொடுக்கிறார்கள் என்ற விஷயம் அந்தக் கார்டில் வரவில்லை. கூட இருக்கும் 12 கோட்பாடுகளில் ஒன்று நேருக்கு நேர் பேசுவதே சிறந்தது என்கிறது. எங்கள் வாடிக்கையாளர் அமெரிக்காவில் இருந்தார். எங்களுக்கு அவர் இரவு எட்டு மணிக்கு வரும் ஒரு குரல். நடுவே ஒப்பந்தம் ஒன்று இருந்தது. அதில் தாமதத்துக்குப் பிடித்தம் உண்டு. அந்தப் பையன் அதைப் படித்ததில்லை. ஆனாலும் அவனுடைய ஒன்பது நாள் மௌனத்துக்குள் அது இருந்தது.

கடைசிக் கோட்பாடு, குழு அவ்வப்போது கூடித் தன் நடத்தையைத் திரும்பிப் பார்த்துத் திருத்திக்கொள்ள வேண்டும் என்பது. பன்னிரண்டில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். எங்களிடமும் அந்தக் கூட்டம் உண்டு, இரண்டு வாரத்துக்கு ஒரு வெள்ளிக்கிழமை. அந்த வாரக் கூட்டத்தில் மஞ்சள் சீட்டு ஒன்றில், 'தகவல் பரிமாற்றம் மேம்பட வேண்டும்' என்று எழுதிச் சுவரில் ஒட்டினேன். பையன் அதைப் பார்த்தான். ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த வேலைக்குப் பாயிண்ட் போட ஆரம்பித்தோம்.