ஏன் என்று மட்டும் கேட்கக் கூடாது

2008 ஜனவரி. பொங்கல் லீவு முடிந்து நான் கோவையில் ஹாஸ்டலுக்குத் திரும்பியிருந்தேன். அப்பா குன்னூரிலிருந்து போன் செய்தார். "பாஸ்டியர் இன்ஸ்டிடியூட்ல தடுப்பூசி தயாரிக்கக் கூடாதுன்னு ஆர்டர் போட்டுட்டாங்கடா." சிம்ஸ் பார்க் பக்கமாக ஸ்கூலுக்குப் போன எந்தக் குன்னூர்ப் பிள்ளைக்கும் அந்தக் கட்டடம் தெரிந்திருக்கும். 1907-இல் தொடங்கியது. வெறிநாய் கடித்து ஓர் ஆங்கிலேயப் பெண் இறந்துபோனதையொட்டி, ஹென்றி ஃபிப்ஸ் என்ற அமெரிக்கச் செல்வந்தர் கொடுத்த பணத்தில் எழுந்தது. பின்னாளில் நாட்டின் குழந்தைகளுக்கு முத்தடுப்பு ஊசி தயாரித்த பழைய அரசு நிறுவனங்களில் ஒன்றானது.

காரணம் என்ன என்று கேட்டேன். ஜிஎம்பி இல்லையாம், அதாவது மருந்து உற்பத்திக்கான நல்ல நடைமுறை விதிகளின்படி தொழிற்கூடம் இல்லையாம். எனக்கு அது சரியாகவே பட்டது. ரூல் என்றால் ரூல். குழந்தைக்குப் போடுகிற ஊசியில் சமரசம் கூடாது. அடுத்த முறை ஊருக்குப் போனபோது, அங்கே வேலை பார்த்த பக்கத்து வீட்டு மாமாவிடம் இதையே சொன்னேன். அவர் கோபப்படவில்லை. "ரூல் சரிதான் தம்பி. அந்த ரூல் எல்லாருக்கும் ஒண்ணுதானானு மட்டும் ஒருதடவ பாரு" என்றார்.

பார்க்க எனக்குப் பதினைந்து வருஷம் ஆனது. பார்க்கவைத்தது தினேஷ் தாக்கூரும் பிரசாந்த் ரெட்டியும் எழுதி 2022-இல் வந்த 'த ட்ரூத் பில்' என்ற ஆங்கிலப் புத்தகம். இந்தக் கட்டுரை அந்தப் புத்தகத்தைப் பற்றியும், அதை எங்கள் ஊர் மலையிலிருந்து படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஒரு கருத்து வேறுபாட்டைப் பற்றியும்.

தாக்கூர் யார் என்று பலருக்குத் தெரிந்திருக்கும். ரான்பாக்ஸி நிறுவனத்தில் வேலை பார்த்து, அங்கே தரவுகள் போலியாகத் தயாரிக்கப்பட்டதை வெளியே கொண்டுவந்தவர். 2013-இல் ரான்பாக்ஸியின் அமெரிக்கப் பிரிவு குற்றத்தை ஒப்புக்கொண்டு 50 கோடி டாலர் கட்டியது. அவர் ஒரு இன்ஜினியர். ரெட்டி ஒரு வழக்கறிஞர். இந்தக் கூட்டணி புத்தகத்தின் நடையிலேயே தெரிகிறது: ஒருவர் லாக் ஃபைலைப் படிப்பதுபோல ஆவணங்களைப் படிக்கிறார், இன்னொருவர் ஒவ்வொரு வரிக்கும் எந்தச் சட்டப்பிரிவு என்று கேட்கிறார். அவர்களுடைய முக்கியக் கருவி தகவல் அறியும் உரிமைச் சட்டம். 10 ரூபாய் கட்டணம், 30 நாள் கெடு, பதில் வராவிட்டால் மேல்முறையீடு. மத்திய மருந்துத் தரக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும் மாநில அலுவலகங்களுக்கும் மனு மேல் மனு போட்டு, கிடைத்த பதில்களையும் கிடைக்காத பதில்களையும் வைத்தே பல அத்தியாயங்களை எழுப்பியிருக்கிறார்கள்.

நானும் ஒருமுறை ஓர் அலுவலகத்துக்கு மனு போட்டிருக்கிறேன், வேறொரு விஷயமாக. வந்த பதிலில் ஒரு வாக்கியத்துக்குக்கூட எழுவாய் இல்லை. பரிசீலிக்கப்பட்டது, தெரிவிக்கப்படுகிறது, இயலாத நிலை உள்ளது. யார் பரிசீலித்தார்? யாருக்கு இயலவில்லை? தமிழில் எழுவாய் இல்லாமல் எவ்வளவு தூரம் போக முடியும் என்பதற்கு நவீன கவிதையைத் தேட வேண்டாம், இந்தப் பதில்களைப் படித்தால் போதும். 'த ட்ரூத் பில்'லின் பெரிய பலம் இந்த எழுவாய்களைத் தேடிப் போவதுதான். ஒரு குழந்தை இருமல் மருந்து குடித்து இறந்தால், அந்த மருந்துக்கு லைசென்ஸ் கொடுத்தது எந்த அலுவலகம், கடைசியாக ஆய்வுக்குப் போனது யார், போன முறை தரம் தவறியபோது என்ன தண்டனை என்று விடாமல் கேட்கிறது.

புத்தகத்தின் மைய வாதம்: இந்தியாவில் மருந்துச் சட்டம் 1940-லிருந்து இருக்கிறது, ஆனால் கண்காணிப்பவர்கள் தளர்வாக இருக்கிறார்கள். தொழில் வளர வேண்டும் என்ற கவலை, நோயாளி பிழைக்க வேண்டும் என்ற கவலையை முந்திவிட்டது. இதற்குச் சான்றுகள் குவிந்து கிடக்கின்றன, மறுக்க வழியில்லை.

அவற்றில் முக்கியமான சான்று, பலரும் படிக்காமல் விட்ட ஓர் அரசு ஆவணம். 2012 மே மாதம் நாடாளுமன்றத்தின் சுகாதார நிலைக்குழு தாக்கல் செய்த 59-ஆவது அறிக்கை. அதை ஓர் இலக்கியப் பிரதிபோலப் படித்துப் பார்க்கச் சொல்வேன். குழு 42 மருந்துகளைத் தேர்ந்தெடுத்து அவற்றின் கோப்புகளைக் கேட்கிறது. மூன்றின் கோப்புகளைக் கண்டுபிடிக்க முடியவில்லை என்று பதில் வருகிறது: பெஃப்ளாக்சசின், லோமிஃப்ளாக்சசின், ஸ்பார்ஃப்ளாக்சசின். பிறகு, புதிய மருந்துகளைப் பரிந்துரைத்து நிபுணர்கள் எழுதிய கடிதங்களுக்கு வருகிறது. வெவ்வேறு ஊர்களில் இருக்கும் மருத்துவர்கள், ஒருவரையொருவர் கலந்துகொண்டதாகத் தெரியாதவர்கள், கிட்டத்தட்ட ஒரே வார்த்தைகளில் எழுதியிருக்கிறார்கள். கடிதத்தை எழுதியது மருந்து நிறுவனங்களின் கண்ணுக்குத் தெரியாத கை, நிபுணர்கள் கையெழுத்து மட்டும் போட்டிருக்கிறார்கள் என்று குழு வெளிப்படையாகவே சொல்கிறது.

இங்கே கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. லஞ்சம் கொடுத்ததாக ஒரு தாளும் கிடைக்கவில்லை. எந்தக் கடிதத்தையும் தனியாக எடுத்துப் படித்தால் அதில் தப்பே தெரியாது. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால்தான் கதை தெரிகிறது. எங்கள் தொழிலில் இதற்கு 'டிஃப்' என்று ஒரு கட்டளை இருக்கிறது: இரண்டு கோப்புகளைக் கொடுத்தால் எங்கே வேறுபடுகின்றன என்று காட்டும். நிலைக்குழு செய்தது டிஃப். வேறுபாடு வர வேண்டிய இடத்தில் வரவில்லை, அதுவே கண்டுபிடிப்பு.

இன்னொன்று. கட்டுப்பாட்டு அமைப்பின் நோக்கமாக அதுவே எழுதி வைத்திருந்தது என்ன என்று குழு பார்க்கிறது. மருந்துத் தொழிலின் எதிர்பார்ப்புகளையும் கோரிக்கைகளையும் தேவைகளையும் நிறைவேற்றுவது என்று இருக்கிறது. மற்ற நாடுகளின் அமைப்புகள் மக்கள் நலத்தைக் காப்பது என்று எழுதி வைத்திருப்பதைக் குழு பக்கத்தில் வைத்துக் காட்டுகிறது. தொழிலோடு உள்ள உறவைத் துப்புத் துலக்க வேண்டிய அவசியமே இல்லை. முதல் வரியிலேயே எழுவாய் பயனிலையோடு போட்டு வைத்திருந்தார்கள், யாரும் படிக்கவில்லை.

சரி, குன்னூருக்கு வருவோம். என் கருத்து வேறுபாடு இங்கேதான்.

தளர்வுதான் நோய் என்றால் 2008 ஜனவரியில் நடந்தது மருத்துவம். மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரி அலுவலகம் தளரவில்லை. குன்னூர் பாஸ்டியர், கசௌலி மத்திய ஆராய்ச்சி நிறுவனம், சென்னை கிண்டி பிசிஜி ஆய்வகம் என மூன்று அரசு நிறுவனங்களின் லைசென்ஸையும் ஒரே சமயத்தில் நிறுத்திவைத்தது. நாட்டின் அடிப்படைத் தடுப்பூசித் திட்டத்துக்குப் பல ஆண்டுகளாக ஊசி கொடுத்துவந்தவை இவைதான். அதன்பின் கொள்முதல் தனியார் நிறுவனங்களை நோக்கிப் போனது. எதிர்ப்பு கிளம்பியது. ஓய்வுபெற்ற ஐஏஎஸ் அதிகாரி எஸ்.பி. சுக்லா உள்ளிட்டவர்கள் உச்ச நீதிமன்றம் போனார்கள். நாடாளுமன்ற நிலைக்குழு விசாரித்தது. முன்னாள் சுகாதாரச் செயலர் ஜாவித் சௌத்ரி தலைமையில் ஒரு குழு ஆராய்ந்தது. 2010 பிப்ரவரியில் நிறுத்தம் விலக்கப்பட்டது.

அரசுத் தரப்பின் காரணத்தில் ஒரு பகுதி இது: இந்தியக் கண்காணிப்பு அமைப்பை உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது, அந்த மதிப்பீட்டில் தோற்றால் இங்கிருந்து ஐ.நா. அமைப்புகளுக்குத் தடுப்பூசி ஏற்றுமதி செய்யும் நிறுவனங்கள் பாதிக்கப்படும். ஏற்றுமதி செய்தவை தனியார் நிறுவனங்கள். இதில் ரகசியச் சதி எதையும் நான் கற்பனை செய்யவில்லை. எல்லாம் வெளிச்சத்தில்தான் நடந்தது. ஒருவரின் சந்தைக்கு நற்சான்று தேவைப்பட்டது, அதற்காக இன்னொருவரின் கதவு மூடப்பட்டது.

இப்போது மாமா சொன்ன டிஃப்பைப் போட்டுப் பார்க்கலாம். 59-ஆவது அறிக்கையிலேயே ஒரு பட்டியல் இருக்கிறது. இந்தியர்களிடம் மருந்துப் பரிசோதனை நடத்தாமலே அனுமதிக்கப்பட்ட புதிய மருந்துகள், 30-க்கும் மேல். காலம்: 2008 ஜனவரி முதல் 2010 அக்டோபர் வரை. குன்னூரில் உற்பத்தி நின்றிருந்த காலம்: 2008 ஜனவரி முதல் 2010 பிப்ரவரி வரை. அதே அமைப்பு, கிட்டத்தட்ட அதே மாதங்கள். ஒரு மேஜையில் ரூல் என்றால் ரூல். பக்கத்து மேஜையில் சலுகை. முதன்முதலில் இந்த இரண்டு தேதிகளையும் ஒரே தாளில் எழுதியபோது ஹாஸ்டலிலிருந்து நான் பேசிய பேச்சு ஞாபகம் வந்து கூசியது.

ஆகவே 'த ட்ரூத் பில்' நம்மைக் கேட்க வைக்கும் "விதி ஏன் அமலாகவில்லை?" என்ற கேள்வி பாதிதான். மறுபாதி: "விதி அமலான இடத்தில், யார் மீது அமலானது?" தொழிலோடு உறவுள்ள கண்காணிப்பாளர் எப்போதும் தூங்கிக்கொண்டிருப்பார் என்று நினைப்பது நம் வசதிக்காக. அவர் சில சமயம் மிகவும் விழிப்பாக இருப்பார். கண்டிப்பும் சலுகையும் யார் யாருக்குப் போகின்றன என்ற வரைபடத்தில்தான் உறவு தெரியும். தளர்வை மட்டும் எண்ணினால் தீர்வு எளிதாகிவிடுகிறது: இன்னும் கடுமை, இன்னும் அதிகாரம். அந்தக் கடுமை முதலில் யார் வீட்டுக் கதவைத் தட்டும் என்று குன்னூர்க்காரனுக்குத் தெரியும்.

குன்னூரில் எல்லாம் ஒழுங்காக இருந்தது என்று நான் வாதாடவில்லை. கட்டடங்கள் பழையவை. புதுப்பிக்கப் பணம் போட வேண்டிய முதலாளி அரசுதான், மூடச் சொன்னதும் அரசுதான். ஜிஎம்பி அவசியம் என்பதில் புத்தகத்தோடு எனக்குத் துளியும் முரண் இல்லை. 2025 அக்டோபரில் காஞ்சிபுரம் மாவட்டத் தொழிற்கூடம் ஒன்றிலிருந்து போன 'கோல்ட்ரிஃப்' இருமல் மருந்தில் 48.6 சதவீதம் டைஎத்திலீன் கிளைகால் இருந்ததைத் தமிழ்நாட்டு ஆய்வகமே கண்டுபிடித்தது. மத்தியப் பிரதேசத்தில் 20-க்கும் மேற்பட்ட குழந்தைகள் செத்துப்போனார்கள். அந்த லைசென்ஸ் மாநில அலுவலகம் கொடுத்தது, அது வேறு மேஜை. அதே விஷம் 1972-இலேயே சென்னையில் குழந்தைகளைக் கொன்றிருக்கிறது. சாவுக்குப் பிறகு ஆய்வுக்குப் போனவர்கள் அந்தக் கூடத்தில் 300-க்கும் மேற்பட்ட குறைகளை எழுதினார்கள். அதுவரை அந்தக் கூடம் ஓடிக்கொண்டிருந்தது. புத்தகத்தின் தளர்வு வாதம் எவ்வளவு சரி என்பதற்கு இதைவிட வேறென்ன வேண்டும்? குன்னூரையும் காஞ்சிபுரத்தையும் சேர்த்துப் படித்தால்தான் முழுப் படம் கிடைக்கிறது என்பதே என் வாதம்.

இதைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டுவிட முடியுமா? நேரடியாக முடியாது. "ஏன் எங்கள் ஊரை மட்டும்?" என்று மனு போட்டால் திரும்பி வந்துவிடும். கோப்பில் ஏற்கெனவே இருப்பது மட்டும்தான் தகவல், காரணம் கேட்பது தகவல் ஆகாது என்று நீதிமன்றமே சொல்லியிருக்கிறது. எது, எப்போது, எத்தனை என்று கேட்கலாம். ஏன் என்று மட்டும் கேட்கக் கூடாது. நிறுவனங்களைப் பற்றிக் கேட்டால் வணிக ரகசியம் என்று 8(1)(டி) வரும். 2015-இல் ரிசர்வ் வங்கி வழக்கில் உச்ச நீதிமன்றம் இதற்கு நல்ல பதில் சொன்னது: கண்காணிப்பாளர் தான் கண்காணிக்கும் வங்கிகளின் ரகசியத்துக்குக் காவலர் கிடையாது, அவருடைய கடமை பொதுமக்களுக்கு. அதிகாரிகளைப் பற்றிக் கேட்டால் தனிநபர் விவரம் என்று 8(1)(ஜே) வரும். முன்பு அந்தப் பிரிவுக்குள்ளேயே பொதுநலனுக்கு ஒரு ஜன்னல் இருந்தது. 2023-இன் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அதை அடைத்துவிட்டது. இனி 8(2)-இன் பொதுவான பொதுநல விலக்கை வைத்துத்தான் வாதாட வேண்டும்.

அதனால் இந்தச் சட்டத்தால் எழுதப்படும் புத்தகங்களுக்கு ஒரு விசேஷமான வடிவம் வந்துவிடுகிறது. தேதிகளும் எண்களும் நிறைய இருக்கும், உள்நோக்கம் பற்றி ஒன்றும் இருக்காது. 'த ட்ரூத் பில்' சில இடங்களில் வறண்டு போவதாகப் புகார் சொன்ன நண்பர்கள் உண்டு. எனக்கு அந்த வறட்சி நேர்மையாகப் படுகிறது. கோப்பு சொல்லாததை அவர்கள் சொல்லவில்லை. ஏன் என்பதை வாசகர்தான் இரண்டு தாள்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்துக் கண்டுபிடிக்க வேண்டும்.

போன மாதம் குன்னூர் போயிருந்தபோது மாமாவைப் பார்த்தேன். ரிட்டயர் ஆகிவிட்டார், காது கொஞ்சம் மந்தம். நான் தயாரித்து வைத்திருந்த மனுவைக் காட்டினேன். மூன்று கேள்விகள். 2008-க்கு முந்தைய இரண்டு ஆண்டுகளில் ஜிஎம்பி ஆய்வுக்கு உட்பட்ட தடுப்பூசிக் கூடங்கள் எவை, ஒவ்வொன்றிலும் எழுதப்பட்ட குறைகள் எத்தனை, ஒவ்வொன்றின் மீதும் எடுத்த நடவடிக்கை என்ன, எந்தத் தேதியில். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார்.

"கம்பெனி ரகசியம்னு சொல்லிட்டா?"

அதற்கும் சட்டத்தில் ஒரு வழி இருக்கிறது என்றேன். 8(3). சம்பவம் நடந்து 20 வருஷம் ஆகிவிட்டால் வணிக ரகசியம், தனிநபர் விவரம் என்ற சாக்குகள் செல்லாது. இப்போது மறுத்தாலும் 2028 ஜனவரி முடிந்ததும் அதே கேள்விகளை மறுபடி அனுப்பலாம். அதுவரை அந்தக் கோப்புகளை அழித்துவிடாமல் இருக்க வேண்டும். அதனால்தான் இப்போதே ஒரு மனு.

அவர் விரல் விட்டு எண்ணினார். "அனுப்பு" என்றார்.